இரண்டாவது புருவம்

மேட்டூரிலிருந்து மைசூருக்கு வேலைக்கு வந்தபோது எனக்கு ஒரே ஒரு புருவம்தான் இருந்தது. இடது காதோரம் புறப்பட்டு, மூக்குக்கு மேலே எங்கும் நிற்காமல், வலது காதோரம் போய்ச் சேரும் பாயின்ட் டு பாயின்ட் புருவம். பெண் பார்க்கப் போன மூன்று வீட்டிலும் ஒரே பதில்: "மாப்பிள்ளை கோபக்காரர் போலிருக்கே." அந்த மூன்று வீட்டிலும் "கேசரி நல்லா இருக்கு" என்பதைத் தவிர நான் வாயே திறக்கவில்லை. அம்மா கடிதம் போட்டாள்: "அடுத்த இடம் வர்றதுக்குள்ள மூஞ்சிய ஏதாவது பண்ணிக்கடா."

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. தொழிற்சாலையில் எனக்கு இன்ஸ்பெக்ஷன் வேலை. நாள் முழுக்க இரும்பு வளையங்களை அளப்பேன். அவை என்னிடம் எதுவும் கேட்காது. மேட்டகள்ளியில் ஒரு மாடி அறை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஹோட்டலில் "ஒந்து செட் தோசெ" என்று சொன்னால், அதற்கடுத்த வார்த்தை திங்கட்கிழமைதான். என் கன்னடமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

சரஸ்வதிபுரத்துத் தோல் டாக்டர் என் நெற்றியைப் பார்த்துவிட்டு, "எலக்ட்ராலிசிஸ்" என்றார். பள்ளிக்கூடத்தில் எலக்ட்ராலிசிஸ் என்றால் சாவிக்குத் தாமிர முலாம் பூசுவது. மின்னுகிற மூஞ்சியோடு ஊருக்குப் போனால் அம்மா என்ன சொல்வாள் என்று யோசித்துக்கொண்டே சிகிச்சைக் கட்டிலில் படுத்தேன்.

டாக்டரிடம் அந்த வேலையைச் செய்கிற பெண்மணிக்கு ஐம்பது வயதிருக்கும். வட்ட விளக்கு பொருத்திய பூதக்கண்ணாடியை என் முகத்தின் மேல் இழுத்து, கண்களில் ஈரப் பஞ்சு வைத்து, ஈரத்துணி சுற்றிய ஓர் உலோகக் குழாயைக் கையில் கொடுத்தார்; மின்சாரம் சுற்றிவர அது வேண்டுமாம். ஒவ்வொரு முடியாக, அது முளைக்கிற துளைக்குள்ளேயே முடியைவிட மெல்லிய ஊசி இறங்கும். சில நொடி மின்சாரம். பிறகு சிறு இடுக்கியால் தொட்டால் முடி தானாக வழுக்கிக்கொண்டு வரும். பிறகு அடுத்த முடி.

"உரியுத்தா?" என்று கேட்டார்.

தோல் உரிகிறதா என்று கேட்கிறாராக்கும். இன்னொரு கையால் தடவிப் பார்த்தேன். உரியவில்லை. "இல்லா" என்றேன். மெஷின் குமிழை ஒரு திருகு திருகும் சத்தம் கேட்டது. அடுத்த முடியில் கட்டெறும்பு குடும்பத்தோடு கடித்தது. மறுபடி "உரியுத்தா?" மறுபடி தடவல். "இல்லா." மறுபடி திருகல். பஞ்சு வைத்திருந்ததால் கண்ணீர் வெளியே தெரியவில்லை.

"தப்ப சர்மா சார் நிம்மது" என்றார். தடித்த தோலாம். ஊரிலும் அப்படித்தான் சொல்வார்கள், வேறு காரணத்துக்காக.

ஒரு தடவையில் முடிகிற காரியமில்லை அது. எல்லா முடியும் ஒரே நேரத்தில் முளைப்பதில்லை. தூங்குகிறவை பின்னால் எழுந்து வரும். வாராவாரம் சனிக்கிழமை அரை மணி நேரம், பல மாதம். நடுவில் பிடுங்கக் கூடாது. சிவக்கும், கடுகு கடுகாய்ப் பொருக்கு கட்டும், அதைச் சொறியக் கூடாது. நான் இது எதற்கும் வருத்தப்படவில்லை. அந்த அம்மா பாதி கன்னடம், பாதி இங்கிலீஷில் பேசிக்கொண்டே வேலை செய்வார். மகன் பரீட்சை, தண்ணீர் வராத குழாய், நாத்தனார். "கேளிஸ்தா சார்?" என்பார். கேட்டது என்பேன். பாதிதான் புரியும். ஆனால் மைசூரில் என் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் வந்து பேசிய ஒரே ஆள் அவர்தான்.

ஒருநாள் கேன்டீனில் பக்கத்து ஆள் மிளகாய் பஜ்ஜியைக் கடித்துவிட்டு, "பாயி உரியுத்தே!" என்று அலறினான். நான் எட்டி அவன் வாய்க்குள் பார்த்தேன்.

"ஏன் நோட்த்தீரி?" என்ன பார்க்கிறீர்கள் என்று.

"தோல் உரிஞ்சிருக்கான்னு."

அவன் சிரித்த சிரிப்பில் பாதி பஜ்ஜி தட்டுக்குத் திரும்பியது. உரி என்றால் கன்னடத்தில் எரிச்சலாம்.

அந்தச் சனிக்கிழமை அந்த அம்மாவிடம் ஒப்புக்கொண்டேன். அவர் ஊசியைக் கீழே வைத்தார். சிரிப்பார் என்று நினைத்தேன்.

"புத்தி இதியா நிமகே? குழி விழுந்து நிரந்தரமா வடுவாயிருந்தா? வலிச்சா சொல்லணும்னுகூடத் தெரியாதா? இப்படி வாயை மூடிட்டு இருந்தா உங்களை யாரு கவனிப்பாங்க?" கன்னடத்தில் ஐந்து நிமிடம் திட்டினார். எல்லாமே புரிந்தது. அந்த ஊருக்கு வந்து அத்தனை நாளில் என்னை ஒருவர் உரிமையோடு திட்டியது அதுதான் முதல் தடவை. நான் வேண்டுமென்றே மன்னிப்புக் கேட்கத் தாமதித்தேன்.

அதன்பின் மின்சாரத்தைக் குறைத்துவிட்டார். வலியும் குறைந்தது, முடியும் குறைந்தது. அரை மணி கால் மணியானது. கடைசியில் ஒரு சனிக்கிழமை பூதக்கண்ணாடியை அப்படியும் இப்படியும் நகர்த்திவிட்டு, "முகீத்து" என்றார். முடிந்தது. "இன்னு பரோது பேடா." இனி வர வேண்டாம். சந்தோஷமாகத்தான் சொன்னார்.

தொழிற்சாலையில் யாரும் என் புருவம் இரண்டானதைக் கவனிக்கவில்லை. அம்மா பார்த்துவைத்த இடமும் வேறெங்கோ முடிந்துவிட்டது.

அடுத்த சனிக்கிழமை கால் தானாக சரஸ்வதிபுரம் பஸ்ஸில் ஏறியது. உள்ளே வேறு யாருக்கோ நடந்துகொண்டிருந்தது. வெளியே நாற்காலியில் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு பெண், கைக்குட்டையால் மோவாயை மறைத்தபடி.

"நிம்ம மிஸஸ் ஒளகிதாரா?" என்றார். மனைவி உள்ளே இருக்கிறாரா என்று.

"ஹௌது" என்றேன், ஆமாம் என்று. ஏன் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியாது.

"ரொம்ப நோவாகுமா? உங்க மிஸஸ் என்ன சொல்றாங்க?"

எனக்குத் தெரிந்த கன்னடம் முழுவதையும் கொட்டினேன். சுருக் என்றிருக்கும், தாங்கலாம். தாங்க முடியாவிட்டால் உடனே சொல்லிவிடுங்கள். அன்றைக்கு ஐஸ் வையுங்கள், வெயிலில் போகாதீர்கள். மாசக் கணக்காகும், நடுவில் விட்டுவிடாதீர்கள். அவர் கைக்குட்டையை மடியில் வைத்துவிட்டுக் கேட்டார். "உங்க மிஸஸ் கொடுத்துவெச்சவங்க. எல்லாம் தெரிஞ்சு வெச்சிருக்கீங்க" என்றார்.

உள்ளே நாற்காலி நகரும் சத்தம். கதவு திறக்கப்போகிறது. எழுந்தேன்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு."

"சார், நிம்ம மிஸஸ்?"

"பர்த்தாரே" என்றேன். வருவாங்க. படியிறங்கி, பஸ் நிறுத்தம் இருந்த பக்கத்துக்கு நேரெதிர்ப் பக்கமாக வேகமாக நடந்தேன்.