சித்தப்பா எடுத்த உண்ணி

நான் நான்காம் வகுப்பு படித்த ஆண்டில் ஒரு வெள்ளிக்கிழமை, சித்தப்பாவும் எங்களோடு ஹத்தா மலைக்கு நடக்க வந்தார். கப்பலில் வந்து இறங்கும் ஆடுகளை அடைத்துவைக்கும் பட்டியில் அவருக்கு வேலை. ஷார்ஜாவில் எங்கள் வீட்டுக்கு வந்தால், குளித்து உடை மாற்றாமல் என்னைத் தொடவே மாட்டார். "உங்க தம்பி எதையோ மறைக்கிறாரு" என்று அம்மா அப்பாவிடம் சொன்னது என் காதில் விழுந்திருந்தது. அன்று முதல் அவரைக் கண்காணிப்பதை நான் என் பொறுப்பாக எடுத்துக்கொண்டேன்.

காரை விட்டு இறங்கியதும் எல்லோரையும் பேன்ட்டைச் சாக்ஸுக்குள் செருகச் சொன்னார். பாதையின் நடுவிலேயே நடக்க வேண்டும், புதரை உரசக்கூடாது, ஆடு படுத்த இடத்தில் உட்காரக்கூடாது. அப்பா சிரித்தார். நான் சிரிக்கவில்லை. இவ்வளவு பெரிய மனிதர் புல்லுக்குப் பயப்படுவாரா?

அவர்கள் முன்னால் போனபோது நான் சாக்ஸைக் கழற்றி ஓடையில் காலை நனைத்தேன். பிறகு வேலமரத்தடியில், புழுக்கை கிடந்த இடத்திலேயே உட்கார்ந்து ஈரம் காயவைத்தேன். யாரும் பார்க்கவில்லை.

வீடு திரும்பியதும் சித்தப்பா ஆளாளுக்கு உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிப் பிடிவாதம் பிடித்தார். என் முழங்காலுக்குப் பின்னால் மிளகு போல ஒன்று ஒட்டியிருந்தது. அம்மா தேங்காய் எண்ணெயை எடுத்தாள்.

"எண்ணெ வேணாம் அண்ணி. நசுக்கவும் கூடாது. புருவம் எடுக்குற இடுக்கி இருந்தாக் குடுங்க."

தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல், நேராக மெல்ல இழுத்தார். கடிவாயைச் சோப்புப் போட்டுக் கழுவினார்.

"சாக்ஸக் கழட்டுனியா?"

"இல்ல சித்தப்பா."

மறுநாளிலிருந்து தினமும் டூட்டி முடிந்ததும் போன் செய்தார். "காய்ச்சல் அடிக்குதா? மேலு வலிக்குதா?" என் பொய்யைப் பிடிக்கத்தான் சுற்றி வளைக்கிறார் என்று நினைத்தேன். ஏழாம் நாள் உண்மையாகவே உடம்பு சுட்டது. சொன்னால் சாக்ஸ் விஷயம் வெளியே வந்துவிடும். "இல்ல" என்றேன். அவர் போனை வைக்கவுமில்லை, பேசவுமில்லை. வெகு நேரம் கழித்து, "சரிம்மா" என்றார். என் அதிர்ஷ்டம், விடிவதற்குள் சூடு தணிந்துவிட்டது.

பல ஆண்டுகளுக்குப் பிறகு அப்பா சொன்னார். அந்த மலைப் பயணத்துக்குச் சில வாரங்களுக்கு முன்புதான், வேலையாட்கள் தங்கும் கேம்ப்பில் சித்தப்பாவோடு ஒரே ரூமில் இருந்தவர் உண்ணிக்கடிக் காய்ச்சலில் இறந்திருக்கிறார். தெரிந்தால் எங்கள் வீட்டில் சேர்க்கமாட்டார்களோ என்று சித்தப்பா மூச்சு விடவில்லை. லீவு போட்டால் சம்பளம் பிடிப்பார்களே என்று பயந்த அந்த மனிதர், சித்தப்பா கேட்டபோதெல்லாம் காய்ச்சல் இல்லை என்றே சொல்லிவிட்டு வேலைக்குப் போயிருக்கிறார்.

என் "இல்ல"வைக் கேட்டபின் சித்தப்பா ஏன் அத்தனை நேரம் பேசாமல் இருந்தார் என்பது அந்த வயதில் எனக்குப் புரியவில்லை. என்னைச் சந்தேகப்படுகிறார் என்றுதான் கோபப்பட்டேன்.