காற்றை மறித்த சேலை

என் அண்ணனான காக்காவின் வருட நினைவாக ஓதும் கத்தத்துக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவினர்களே, நண்பர்களே, காக்காவைப் பற்றி நீங்கள் அறிந்த ஒன்று பிழையானது. அதைத் திருத்தவே எழுத உட்கார்ந்தேன்.

காக்கா கல்முனையில் பிறந்தவர். வாப்பா மௌத்தாகி, தகப்பனில்லா வீடானபோது படிப்பை விட்டு, வாகனம் ஓட்டப் பழகி, என்னைக் கட்டிக்கொடுத்தார். கோபக்காரர்தான், மறைத்து எழுத மனமில்லை. ஆனால் தங்கச்சி என்றால் குரல் இறங்கிவிடும்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு முதலாளியின் வேனை ஓட்டினார். எஞ்சின் பின்பக்கம், ரேடியேட்டர் கிடையாது. பின் கண்ணாடிக்கு அருகிலுள்ள துவாரங்களால் விசிறி காற்றை இழுத்து எஞ்சினை ஆற்றும். என் முதல் பிரசவம் சிக்கலாகி, உடனே அம்பாறை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார் மருத்துவிச்சி. பெண்கள் ஏறும் வாகனத்தை வெளியே சேலை கட்டி மறைப்பது அன்றைய வழக்கம். காக்கா பக்கக் கண்ணாடிகளை மட்டும் மறைத்தார்.

“பின்னுக்கும் மறைங்க காக்கா. ஊராக்கள் பாக்கிற.”

“பின்னுக்கு வேணாம் புள்ள. காத்துப் போகணும்.”

நான் அழுதேன். வலியை விட வெட்கம் பெரிதாக இருந்த வயது. மனம் கேளாமல், பின்னாலும் துவாரங்களை மூடாதபடி உயரத் தூக்கிக் கட்டினார்.

சம்மாந்துறை தாண்டியதும் நடுப்பகல் வெயிலில் வேன் இழுக்காமல் திணறியது. எண்ணெய் கருகும் வாடை வந்தது. ஓரமாக நிறுத்தினார். வயலில் நின்ற காரைதீவு விவசாயி ஒருவர் வாளியோடு ஓடி வந்தார்.

“தண்ணி ஊத்துவமா தம்பி?”

“வேணாம் அண்ணன். இந்தச் சூட்டுல ஊத்தினா வெடிச்சிரும்.”

“அப்ப எஞ்சின நிப்பாட்டு மகன்” என்றார் என்னருகில் இருந்த உம்மா.

“நிப்பாட்டினா விசிறியும் நிண்டுரும் உம்மா.”

பின்னால் போய்ப் பார்த்தார். கட்டு நழுவி, சேலை துவாரத்தோடு ஒட்டிக் கிடந்தது. ஒரே இழுவையில் கிழித்தெடுத்தார். எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, துவாரத்தில் கையை வைத்தபடி நின்றார். உள்ளே நான் மௌத்து நேரத்தில் சொல்லும் கலிமாவைச் சொல்லிக்கொண்டிருந்தேன். பிள்ளையின் அசைவு நின்றுவிட்டதோ என்று பயந்தேன். வாடை குறைந்ததும் உம்மா கிழிந்த சேலையை உள்பக்கமாகப் பிடித்துக்கொள்ள, வேன் புறப்பட்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்த சற்று நேரத்தில் என் மகள் பிறந்தாள்.

ஆனால் எஞ்சின் பழுதாகிவிட்டது. கண்மண் தெரியாமல் ஓட்டியதாக முதலாளி சாவியை வாங்கிக்கொண்டார். “ஓம் முதலாளி, என்ட பிழைதான்” என்று மட்டும் காக்கா சொன்னாராம். எஞ்சினை எரித்தவன் என்று பெயரானது. பிறகு ஒருவரும் அவரை நம்பி வாகனம் கொடுக்கவில்லை. நெல் ஆலையில் மூட்டை சுமந்தே, கடைசியில் அவரைக் கொண்டுபோன நெஞ்சு வருத்தத்தைத் தேடிக்கொண்டார்.

கடைசி நாட்களில், “உண்மையச் சொல்லட்டா காக்கா?” என்று கேட்டேன்.

“வேணாம் புள்ள. உன்ட பேர ஊருல கதைக்க விடமாட்டன்” என்றார்.

நோயில் பார்த்தவர்களுக்கும், மைய்யித்தைச் சுமந்தவர்களுக்கும், பெயர் தெரியாத அந்த விவசாயிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அல்லாஹ் காக்காவின் கபுறுக்குழிக்குள் சுவர்க்கத்துக் காற்றை வீசச் செய்வானாக.

அந்தச் சேலையைக் கட்டச் சொன்னவள் நான். அன்று காக்காவின் சொல்லைத் தட்டினேன். இன்று இரண்டாம் தடவையாகத் தட்டுகிறேன்.

தங்கை