ஏழாவது ரவுண்டில் விழுந்தவன்

செம்பனைத் தோட்டத்தில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மரத்தடியில் ஒரு ஆள் கண்ணயர்ந்தால் அது அவன் பாடு. ஆனால் மலாக்கா பக்கத்துப் புலாவ் செபாங் சுற்றுவட்டாரத்தில் குலை ஏற்ற வரும் லாரிக்காரர் காந்தனுக்கு அது பொறுக்காது. முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு எவனாவது படுத்திருந்தால் லாரியை அப்படியே நிறுத்திவிட்டு இறங்கிப்போய், தோளைப் பிடித்து உலுக்குவார். அவன் பதறியடித்து எழுந்து கண்ணைத் திறந்தால்தான் திரும்பி வருவார். மன்னிப்பும் கேட்கமாட்டார், காரணமும் சொல்லமாட்டார். அங்கே குலை வெட்டுகிறவர்கள் பெரும்பாலும் இந்தோனேசியக்காரர்கள். அவர்கள் தங்களுக்குள் அவருக்குச் சேவல் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

சேவலுக்கு நாற்பத்திரண்டு வயசு. தொந்தி லேசாக எட்டிப் பார்க்கும். மூக்கு இரண்டு இடத்தில் வளைந்திருக்கும். இந்த மனிதரின் படம் போட்ட பேனர் ஒரு காலத்தில் மலாக்கா டவுனில் தொங்கியது என்றால் நம்புவதற்கு அந்த மூக்கு ஒன்றுதான் சாட்சி.

காந்தன் குத்துச்சண்டை கற்றுக்கொண்டது ஜாசினில், கணேஸ்வரன் என்பவருடைய ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில். கணேஸ்வரனுக்கு லாரி உதிரிப்பாகத்தில் ஒரு கண், குத்துச்சண்டையில் ஒரு கண். அவரே பயிற்சியாளர், அவரே மேனேஜர். பணத்துக்கு ஆடும் தொழில்முறைச் சண்டைக்குக் காந்தனை இழுத்துவந்ததும் அவர்தான். பதின்மூன்று சண்டையில் பன்னிரண்டு வெற்றி. அதில் ஒன்பது வலது கையால் முடிந்தவை. அந்தக் கை போய் விழுந்தால் எதிராளி மறுபடி எழுந்திருப்பது அபூர்வம். தோட்டத்து ஜனங்கள் பஸ் பிடித்துக்கொண்டு உறுமி மேளத்தோடு வந்து கத்தினார்கள்.

2012 செப்டம்பரில் சாம்பியன் பட்டத்துக்கான சண்டை. எதிராளி இந்தோனேசியாவின் புளோரஸ் தீவுக்காரன், பெயர் யோஹானஸ் லெடோ. காகிதத்தில் பார்த்தால் பெரிய கை, பதினெட்டு வெற்றி. நேரில் பார்த்தால் ஒடிசலான, வெட்கப்பட்டுச் சிரிக்கிற ஒரு பையன்.

மூன்றாவது ரவுண்டிலேயே காந்தனுக்குத் தெரிந்துவிட்டது. தூரத்தை அளந்து பார்க்கத்தான் இடது கையை லேசாக நீட்டினார். அந்தச் சின்ன அடிக்கே பையனின் முழங்கால் மடங்கியது. அவன் கண் காந்தனைப் பார்க்காமல், அவரைத் தாண்டி எங்கேயோ பார்த்தது. மணி அடித்ததும் தன் மூலைக்கு வந்து உட்கார்ந்த காந்தன், “அண்ணே, அவன் கண்ணு சரியில்லண்ணே” என்றார்.

“நல்லதுதானே லா!” என்று கணேஸ்வரன் அவர் கழுத்தில் ஐஸ் பையை வைத்து அழுத்தினார். “போய் முடி.”

ஏழாவது ரவுண்டில் முடித்தார். வலது கை. பையன் விழுந்து, கொஞ்ச நேரம் கழித்து எழுந்து உட்கார்ந்து, காந்தனைக் கட்டிப்பிடித்து நன்றிகூடச் சொன்னான். உடை மாற்றும் அறையில் அவன் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தபோது பக்கத்து அறையில் காந்தனைத் தோளில் தூக்கிவைத்து ஆடிக்கொண்டிருந்தார்கள். இடுப்பில் பெல்ட். காந்தனும்தான் ஆடினார், அதை அவர் மறைத்ததில்லை.

மூன்று வாரம் கழித்துக் கணேஸ்வரன் கடையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது பேச்சோடு பேச்சாகச் சொன்னார். “அந்தப் பையன் ஊருக்குப் போயி தவறிட்டானாம்பா. மனசுல வச்சுக்காத. இதெல்லாம் இந்தத் தொழில்ல உள்ளதுதான்.”

மனசில் வைத்துக்கொள்ளாதே என்று சொன்னால் மனசு கேட்டுவிடுமா? அதற்குப் பிறகு காந்தன் நான்கு சண்டை போட்டார். எதிலும் வலது கை வெளியே போகவில்லை. பயிற்சிப் பையை அடிக்கும்போது போகும். எதிரே ஒரு முகம் வந்தால் மோவாய்க்குக் கீழேயே நின்றுவிடும். கணேஸ்வரன் திட்டிப் பார்த்தார், ஜாதகம் பார்த்தார், மந்திரித்தும் பார்த்தார். 2014இல் பெல்ட் போயிற்று. பெல்ட்டோடு மேளக்காரர்களும் போனார்கள். கணேஸ்வரனும் சில வருஷத்தில் சர்க்கரை முற்றிக் காலமானார்.

போகாமல் நின்றவன் அந்தப் பையன் ஒருவன்தான். புலாவ் செபாங் ஸ்டேஷனில் ரயில் நின்று கிளம்பும்போது ஜன்னலோரத்தில் அவன் உட்கார்ந்திருப்பான். தோட்டத்துக்குப் புதிதாக வந்த ஆட்களில் முதுகைக் காட்டி நிற்பவன் அவனாக இருப்பான். திரும்பினால் வேறு யாரோ. படுத்திருக்கிறவனின் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்க்காமல் அந்த இடத்தைவிட்டு நகரக் காந்தனின் கால் மறுத்துவிடும். கைப்பேசியில் அந்தப் பெயரை அடித்துத் தேடிப் பார்க்க மட்டும் ஒருநாளும் துணிச்சல் வந்ததில்லை. செத்தவனின் போட்டோவைப் பார்த்துவிட்டால் என்ன செய்வது?

அவருக்கு வாய்த்த மனைவி விஜயராணி தம்பின் டவுனில் ஒரு பல் கிளினிக்கில் வேலை பார்க்கிறவள். கல்யாணமான வருஷமே விஷயத்தைக் கறந்துவிட்டாள். அவள்தான் வழி சொன்னாள். செத்தவர்கள் நல்ல கதியடையச் சிவன் கோயிலில் மோட்ச தீபம் ஏற்றுவது நம் வழக்கம்தானே. அவனுக்கும் ஏற்றுவோம் என்றாள். கணேஸ்வரன் செய்தி சொன்ன தேதியில் ஒவ்வொரு வருஷமும் இருவரும் போவார்கள். முதல் தடவை குருக்கள் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, “யோ... யோகானந்தா?” என்றார்.

“யோஹானஸ் லெடோ, சாமி. கிறிஸ்தவப் பையன்.”

“அதனால என்ன, மோட்சம் அவங்களுக்கும் வேணும்தானே” என்று ஏற்றினார். பிறகு வருஷா வருஷம் ஏற்றி, அந்தப் பெயர் அவருக்கும் பழகிவிட்டது.

இந்த வருஷம் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் காந்தன் தோசை தின்றுகொண்டிருந்தார். விஜயராணி கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே அடுப்படியிலிருந்து வந்தவள் பாதி வழியில் நின்றுவிட்டாள்.

“என்னங்க, மலாக்காவுல சனிக்கிழமை பாக்சிங் வைக்கிறாங்களாம். இந்தோனேசியா டீமுக்கு கோச் யாருன்னு போட்டிருக்கான் பாருங்க.”

“யாரா இருந்தா எனக்கென்ன?”

“யோஹானஸ் லெடோ.”

தோசை கையிலேயே நின்றது. “அந்தப் பேரு அங்க ஆயிரம் பேருக்கு இருக்கும், ராணி.”

“ஆயிரம் பேரும் ரெண்டாயிரத்துப் பன்னெண்டுல மலாக்காவுல காந்தன்கிட்ட ஏழாவது ரவுண்டுல தோத்தாங்களா?” அவள் திரையை அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். சண்டைக் கணக்கு வரிசையாக இருந்தது. அந்தத் தோல்விக்குப் பிறகும் யோஹானஸ் லெடோ பதினோரு சண்டை போட்டிருந்தான்.

காந்தன் சிரித்தார். சிரித்தபடியே தேம்பினார். “உயிரோட இருக்கானா? கணேஸ்வரன் அண்ணன் எவன் சொன்னதையோ கேட்டுட்டு வந்து என்கிட்ட சொல்லிட்டாரா?” என்று எழுந்து வீட்டுக்குள்ளேயே நடந்தார். திடீரென்று நின்றார். “ஐயோ, உயிரோட இருக்கிறவனுக்கா இத்தனை வருஷம் மோட்ச விளக்கு ஏத்தினோம்!”

“அவனுக்கு ஆயுசு கெட்டி லா. இல்லன்னா நாம ஏத்தின விளக்குக்கே போயிருப்பான்” என்றாள் விஜயராணி. அவளுக்கும் கண் கலங்கியிருந்தது.

சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு மலாக்காவில் ஒரு பேரங்காடியில் சண்டைக்காரர்களை எடை பார்க்கும் நிகழ்ச்சி. காந்தன் சவரம் செய்து, கல்யாண வீட்டுக்குப் போடும் பூ வேலைப்பாடுள்ள பத்தேக் சட்டையைப் போட்டுக்கொண்டார். வழியில் ஒரு பெட்டி டோடோல் இனிப்பு வாங்கினார். கல்யாணமானதிலிருந்து கணவர் இப்படிக் கார் ஓட்டிக்கொண்டே விசில் அடித்து விஜயராணி பார்த்ததில்லை.

எடைமேடைக்குப் பக்கத்தில் இந்தோனேசியக் கொடி போட்ட சட்டையில் ஒருவர் நின்றார். குட்டையான, அகன்ற தோள் கொண்ட, வழுக்கை விழுந்த ஆள். சட்டையின் முதுகில் லெடோ என்று எழுதியிருந்தது. அவர் திரும்பினார். காந்தன் அந்த முகத்தைப் பார்த்தார். பெட்டியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அது அவன் இல்லை.

மலாயில்தான் பேசிக்கொண்டார்கள். காந்தன் தன் பெயரைச் சொன்னதும் அந்த ஆளின் சிரிப்பு அடங்கிவிட்டது. இருவரையும் கூட்டத்திலிருந்து விலக்கி, மூடிக்கிடந்த ஒரு கடையின் முன்னால் அழைத்துப் போனார். அபாங், அதாவது அண்ணன் என்று மரியாதையாகத்தான் பேச்சைத் தொடங்கினார்.

“அபாங், நான் உங்களோட சண்டை போட்டதே இல்லை. அந்த மாசம் எனக்கு டெங்கி. எங்க பயிற்சி கேம்ப் முதலாளி என் லைசென்ஸ் புத்தகத்துல போட்டோவ மட்டும் மாத்தி ஒட்டி, எங்க கேம்ப்லயே இருந்த பெனிங்கிற பையனை அனுப்பினார்.”

“அவனையே அவன் பேருல அனுப்பியிருக்கலாமே?”

“முடியாது. பதினோரு நாள் முன்னாடிதான் பெனி வேற ஊர்ல நாக்அவுட் ஆகியிருந்தான். நாக்அவுட் ஆனவன் ரெண்டு மாசத்துக்கு ரிங்குல ஏறக்கூடாது. பட்டச் சண்டைக்கு நல்ல ரெக்கார்ட் உள்ள ஆளும் வேணும். என் பேரு இருந்தது, அவன் உடம்பு இருந்தது.”

காந்தன் கேட்கவேண்டியதைக் கேட்டார். “பெனி எங்கே?”

“கேம்ப்புக்குத் திரும்பி ஒன்பதாவது நாள். மத்தியானம் படுத்தான், எழுந்திருக்கல.” லெடோ தரையைப் பார்த்தார். “அது உங்க அடி இல்ல, அபாங். அவன் ஏற்கெனவே உடைஞ்சுதான் வந்தான்.”

எவ்வளவு நல்ல வார்த்தை! பன்னிரண்டு வருஷமாக இந்த ஒரு வார்த்தைக்குத்தான் காந்தன் ஏங்கினார். இப்போது அதை எடுத்துக்கொள்ள முடியவில்லை. உடைந்து வந்தவன் என்பது மூன்றாவது ரவுண்டில் அவருக்குத் தெரியும். தெரிந்தபிறகும் இன்னும் நான்கு ரவுண்டு அடித்தார். அதை லெடோவுக்கு யார் சொல்லியிருக்கமுடியும்?

“வீட்டுல என்ன சொன்னீங்க?” என்று விஜயராணி கேட்டாள்.

லெடோ அதையும் சொன்னார். பெனியின் பெயரில் அப்படி ஒரு சண்டை நடந்ததாகவே எந்தக் காகிதத்திலும் இல்லை. ஆகவே முதலாளி ஒரு கதை கட்டினார். குடித்துவிட்டு மோட்டார் சைக்கிளில் போய் விழுந்தான் என்று சொல்லி உடம்பை ஊருக்கு அனுப்பினார். பெனியின் அப்பா அந்த ஊர் சர்ச்சில் ஜெபம் சொல்லிக்கொடுப்பவர். மகன் குடித்துச் செத்த பிறகு அவர் சர்ச் வாசலை மிதிக்கவில்லை. அந்தத் தலைகுனிவோடேயே போய்ச் சேர்ந்தார். அம்மா இருக்கிறாள். “எனக்கும் அதே ஊர்தான். எல்லாம் தெரியும். சொன்னால் என் லைசென்ஸ் போயிடும்னு வாயை மூடிட்டேன். பிறகு சொல்ல முகம் இல்லை. பெனி குடிக்கவேமாட்டான், அபாங்.”

பெனியின் தங்கை நம்பர் அவரிடம் இருந்தது. கொடுத்தார்.

கார் நிறுத்துமிடத்தில் காந்தன் கைப்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விஜயராணி அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். “வேணாங்க. போலீஸ் கேஸ்னு இழுத்தா என்ன பண்ணுவீங்க? நமக்கும் ஒரு பொண்ணு இருக்கு. அவன் பேரு தெரிஞ்சிடுச்சு, சரியான பேருல விளக்கு ஏத்திடுவோம். போதும்.”

அவள் சொன்னதில் தப்பில்லை. சும்மா இருந்தால் உலகத்தில் ஒருவரும் வந்து கேட்கப்போவதில்லை. காந்தன் அவள் கையை மெதுவாக விலக்கினார்.

தங்கைதான் எடுத்தாள். காந்தன் யாரென்று சொல்லி, நடந்ததைச் சொன்னார். நாக்கு குழறியது, மலாய் வார்த்தை சில மறந்தே போயின. ஆனால் மூன்றாவது ரவுண்டைச் சொல்லாமல் விடவில்லை. தங்கை யாரிடமோ தங்கள் பாஷையில் வேகமாகப் பேசினாள். பிறகு ஒரு கிழவியின் குரல் வந்தது.

“அப்போ என் மகன் குடிச்சுச் சாகலையா?”

“இல்லம்மா. சண்டைக்கு முன்னாடி டாக்டர் பார்த்தார். ஒரு சொட்டு இல்லை. அவன் குடிக்கவேமாட்டான்னு லெடோவும் சொன்னார்.”

“பன்னிரண்டு வருஷமா நான் கல்லறைக்குப் போய் அவனைத் திட்டிக்கிட்டு இருக்கேன்” என்றாள் அந்த அம்மா. “பூ வைக்கப் போனாலும் திட்டுவேன். குடிகாரப் பயலே, உங்க அப்பனைக் கொன்னுட்டியேன்னு. அவன் பதில் சொல்ல முடியாதுன்னு தெரிஞ்சே திட்டுவேன்.”

காந்தன் மன்னிப்புக் கேட்டார். அவள் மன்னித்தேன் என்று சொல்லவில்லை, சபிக்கவும் இல்லை. வேறு ஒன்று கேட்டாள். காந்தன் “சரிம்மா” என்றார். போன் வைக்கப்பட்ட பிறகும் காதிலிருந்து அதை எடுக்கவில்லை.

“என்ன சொன்னாங்க?” என்றாள் விஜயராணி.

“என்னை வரச் சொல்றாங்க.”

“அங்கயா? எதுக்குங்க?”

“சர்ச்சுல எல்லார் முன்னாடியும் நின்னு, பெனி குடிக்கலன்னு சொல்லணுமாம்.”

விஜயராணி அவரையே பார்த்தாள். “அப்போ எப்படிச் செத்தான்னு கேப்பாங்களே.”

“கேப்பாங்க” என்றார் காந்தன். “அதுக்குத்தான் போறேன்.”