புளித்த பை

பையைக் கையில் வாங்கியதுமே டார்லாவுக்கு எடை சரியில்லை என்று தெரிந்துவிட்டது. மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். உள்ளே மக்காச்சோளம் புளித்துப்போயிருந்தது.

"எங்க வச்சிருந்த?"

"வண்டியோட திறந்த பின்பக்கத்துலதான். மழை வரும்னு யாரு கண்டா?" என்றான் ராய்ஸ்.

இருவரும் ஜனவரியில் கோடைப் போட்டிக்கு ஜோடியாகப் பெயர் கொடுத்தார்கள். மே மாதம் விவாகரத்து ஆனது. கார்ன்ஹோல் என்பது சோளம் நிரப்பிய பையைச் சாய்வுப் பலகையின் துளைக்குள் எறியும் ஆட்டம்; அதில் ஜோடிகள் பக்கத்தில் நிற்பதில்லை. இருபத்தேழு அடி தள்ளி, ஆளுக்கொரு சாய்வுப் பலகையருகே எதிரும் புதிருமாக நிற்க வேண்டும். அந்தத் தூரத்தை வைத்துக்கொண்டே கோடை முழுவதும் பேசாமல் ஜெயித்து, இறுதியாட்டம்வரை வந்துவிட்டார்கள்.

டார்லா பத்தொன்பது வருடமாக மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை பார்ப்பவள். துணியின் குணம் அவளுக்கு அத்துப்படி. ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பின்னும் பைகளைத் தூசி தட்டி, செய்தித்தாளில் பரப்பி ஆறவைத்து, சமையல் தராசில் நிறுத்துப் பார்த்துத்தான் எடுத்துவைப்பாள். போன வாரம் மட்டும் ராய்ஸ் கொண்டுபோயிருந்தான்.

மூன்று பை தப்பியிருந்தது. நான்காவதுதான் போச்சு. ஆறு மணிக்கு நாலு பையும் ஒவ்வொன்றும் பதினாறு அவுன்ஸ் நிற்காவிட்டால் ஆட்டம் எதிரணிக்கே என்று நடுவர் மில்ட்ரெட் சொல்லிவிட்டாள். அதற்கு நாற்பது நிமிடம்தான் இருந்தது.

எதிரணி ஃபிஸ்க் சகோதரர்கள். மூத்தவன் டுவைட் மோந்து பார்த்துவிட்டு, "என்ன டார்லா, பைக்குள்ள பீர் காய்ச்சுறியா?" என்றான்.

அவள் ராய்ஸ் பக்கம் திரும்பினாள். புதுச் சோளம் வாங்கிவர அவனைத் தீவனக் கடைக்கு விரட்டினாள். தையலைப் பிரித்து, புளித்ததைக் கொட்டி, துணியை அலசிப் பிழிந்து, ஆட்டம் நடக்கும் தீயணைப்பு நிலையத்தின் கழிவறையில் கை உலர்த்தும் இயந்திரத்தின் கீழே பிடித்துக்கொண்டு நின்றாள். ராய்ஸ் மூச்சிரைக்கச் சோளத்தோடு வந்தான். அங்கே வெள்ளிக்கிழமை மீன் வறுவலுக்கு மாவு நிறுக்கும் தராசில் நிறுத்து, மெழுகு நூலால் தைத்து முடித்தபோது மணி ஐந்து ஐம்பத்தெட்டு.

துணியில் ஈரம் மிச்சமிருந்தது. மற்ற பைகள் பலகையில் வழுக்கிக்கொண்டு துளைக்குள் விழுந்தன. இது விழுந்த இடத்திலேயே ஒட்டிக்கொண்டது. ஒன்பதுக்குப் பதினைந்து என்று பின்தங்கினார்கள். டார்லா எதிர்ப்பலகையைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். ஆட்டத்துக்கு நடுவே அவனிடம் அவள் முதன்முதலாகப் பேசியது அன்றுதான்.

"ஈரப் பையைக் கடைசியா போடு. தாழ்வா வேணாம், உயரத் தூக்கிப் போடு."

ராய்ஸ் தலையாட்டினான். அதன்பின் புள்ளிகள் ஒவ்வொன்றாக ஏறின. பத்தொன்பதுக்குப் பத்தொன்பது. பலகையில் நின்றால் ஒன்று, துளையில் விழுந்தால் மூன்று; ஒவ்வொரு சுற்றிலும் இரு அணிகளின் வித்தியாசம் மட்டுமே சேரும், முதலில் இருபத்தொன்றைத் தொடுபவர்களுக்கே வெற்றி.

கடைசிச் சுற்று டார்லாவுக்கும் டுவைட்டுக்கும். இருவரின் முதல் மூன்று பைகளும் சமன். ஈரப் பையை அவள் உயர வீசினாள். அது துளையின் விளிம்புக்கு முன்னால் தொப்பென்று விழுந்து உட்கார்ந்துகொண்டது. ஒரு புள்ளிதான். வழுக்கியிருந்தால் மூன்று.

டுவைட் தன் பையைச் சும்மா பலகைமேல் போட்டிருந்தால் இன்னொரு சுற்று கிடைத்திருக்கும். துளையில் விழுந்தால் ஆட்டமே அவனுடையது. அவன் வெகுநேரம் பையைப் பிசைந்துகொண்டு நின்றான். டார்லா பலகையைப் பார்க்கவில்லை, அவன் மணிக்கட்டையே பார்த்தாள்.

தூக்கி எறிந்தான். அரையடி குறைந்துபோனது. அவன் பை அவள் பையின் முதுகில் இடித்து நின்றுவிட, அவளுடையது உள்ளே சரிந்தது. அவளுடைய மூன்றிலிருந்து அவனுடைய ஒன்று கழிய, மிச்சம் இரண்டு. இருபத்தொன்று.

டுவைட் தொப்பியைக் கழற்றி, "நானே தள்ளி விட்டுட்டேனே," என்றான்.

ராய்ஸ் கைகளை விரித்துக்கொண்டு வேகமாக வந்தான். பாதி வழியில் ஏதோ நினைவு வந்து கைகள் தாழ்ந்தன. டார்லா கையை நீட்டினாள். குலுக்கிக்கொண்டார்கள்.

"நல்லா தைச்ச," என்றான்.

"நல்லா ஓடின," என்றாள்.

இலையுதிர் காலப் போட்டிக்கான பெயர்ப்பதிவுத் தாள் கதவருகே தொங்கியது. போகும் வழியில் டார்லா ஒற்றையர் பட்டியலில் தன் பெயரை எழுதினாள்.