பெயரை இழந்து வென்ற வாள்

பலேர்மோ நகரின் பொலிதேயாமாப் பகுதியில் ஒரு வக்கீலின் வீட்டைத் துப்புரவாக்கப் போன காலத்தில்தான் ஸ்ரெல்லா முதன்முதலாக ஜப்பானிய வாள் ஒன்றைப் பார்த்தாள். வக்கீல் ஜன்னலடியில் நின்று அதற்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தார். அலகின் கூர்ப்பக்கத்தோடு, பனிமூட்டம் போல ஒரு வெண்கோடு அலையலையாய் ஓடியது. மன்னார் பேசாலைக்காரியான அவள் அதுவரை அறிந்ததெல்லாம் மீன் வெட்டும் கத்திதான். கையில் துடைப்பத்தோடு அப்படியே நின்றுவிட்டாள்.

அந்த மோகம் போகவில்லை. சீசாப் பகுதியில், அவள் குடியிருந்த தெருவிலேயே, ஒரு ஜூடோ பள்ளியின் பின்னறையில் வாள் சங்கம் கூடுவது தெரியவந்ததும் போய்ச் சேர்ந்தாள். அலகைப் பார்த்தே எந்தக் காலம், எந்தப் பட்டறை என்று சொல்ல அங்கே பழகுவார்கள். ஸ்ரெல்லா முதலில் எல்லாவற்றையும் பிழையாகச் சொன்னாள். சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். ஆனால் விடவில்லை.

"வெங்காயம் வெட்டக்கூட உதவாத கத்திக்கு இவ்வளவு படிப்போ?" என்று கேட்பான் கணவன் கிறிகோரி. ஹோட்டலில் சமையல் வேலை அவனுக்கு.

ஒரு சனிக்கிழமை போர்கோ வெக்கியோச் சந்தையில் பழைய சாமான் விற்பவனிடம் அவளே ஒரு வாளைக் கண்டெடுத்தாள். துருவேறி, உறை உடைந்து, கதிரைகளுக்குள் செருகிக் கிடந்தது. வாங்கினாள். குவெஸ்தூரா என்ற பொலிஸ் தலைமையகத்தில் பதிந்துவிட்டுச் சங்கத்துக்குக் கொண்டுபோனாள்.

சங்கத் தலைவர் விதாலே கைப்பிடியைக் கழற்றினார். உள்ளிருந்த இரும்பில் ஒரு பெயர் வெட்டப்பட்டிருந்தது. "இது மிகப் பெரிய கொல்லனின் பெயர், ஸ்ரெல்லா. அப்படிப்பட்ட பெயரைத்தான் போலியாக வெட்டுவார்கள். அதனால்தான் இது பொய்" என்றார்.

"பெயர் பொய்யாக இருக்கலாம். அலகு பொய்யில்லை" என்றாள் அவள்.

வாள்களைச் சோதித்துச் சான்றிதழ் கொடுக்கும் ஜப்பானிய நடுவர்கள் மிலானுக்கு வந்தபோது, வாளோடு ரயிலேறினாள். மூத்த நடுவர் அதை நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மொழிபெயர்ப்பாளர் சொன்னார்: "எழுத்துப் பள்ளத்தில் இருக்கிற துரு புதியது, சுற்றியுள்ள துரு மிகப் பழையது. பெயரை யாரோ பின்னர் வெட்டியிருக்கிறார்கள். பொய்ப் பெயரோடு சான்றிதழ் தரமாட்டோம்."

"பெயரை எடுத்துவிட்டால்?"

"அப்போது புதிதாகப் பார்ப்போம். ஆனால் எடுத்தது திரும்ப வராது."

விதாலே பயந்தார். "அடுத்த முறையும் மறுத்தால், பெயரும் இராது, சான்றிதழும் இராது. நன்றாக யோசி."

ஸ்ரெல்லா வீட்டில் வாளை மேசைமேல் வைத்து அலகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கிறிகோரி பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"நானும் வேற ஆளின்ர பாஸ்போட்டிலைதானே வந்தனான். என்ர சொந்தப் பேரிலை இஞ்சை இருக்கிற பெர்மெசோ கிடைச்ச அண்டைக்குத்தான் நிம்மதியாய்ச் சாப்பிட்டனான். அழிச்சுப்போடுமப்பா."

"பிறகு ஒண்டுமில்லாமல் போனால்?"

"நீர் பாத்த அலகு எங்கை போகப்போகுது?"

வாள் தீட்டுவதில் தேர்ந்த ஒருவரிடம் அதை அனுப்பினாள். பெயர் போயிற்று; அலகு முழுவதும் தீட்டப்பட்டு வந்தது. பெட்டியைத் திறந்து அதை வெளிச்சத்தில் பிடித்தாள். துருவுக்கடியில் அவள் ஊகித்திருந்த அந்த வெண்கோடு நுனிவரை அறுபடாமல் ஓடியது.

நடுவர்கள் மறுபடி மிலானுக்கு வந்தபோது விதாலேயும் கூடப் போனார். அவள் செபமாலையை உருட்டிக்கொண்டு வாசலில் இருந்தாள். முடிவை வாசித்தவர் விதாலேதான்: "பெயரற்றது. ஜப்பானின் பழைய பிசென் நாட்டுப் பட்டறை. ஐந்நூறு ஆண்டுக்கு மேற்பட்டது. பாதுகாக்கத் தகுந்தது." சான்றிதழ் கிடைத்துவிட்டது. அவளைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் கொஞ்சினார்.

அவள் கிறிகோரிக்கு அழைத்தாள். "இஞ்சரப்பா! உண்மையான வாளாம்! குடுத்திட்டாங்கள்!"

மறுமுனையில் அவன் இத்தாலிய மொழியில் கத்துவதும், சமையலறையிலிருந்த எல்லோரும் சட்டியில் கரண்டியால் தட்டி ஆர்ப்பரிப்பதும் கேட்டன.

பலேர்மோ நிலையத்தில் அவன் சமையல் வேலையின் வெள்ளை மேற்சட்டையோடே வந்து நின்றான். "தாரும், நான் தூக்கிறன்" என்று பெட்டிக்குக் கை நீட்டினான்.

"ஓம், நீர் மற்றப் பையைத் தூக்கும். இதை நான்தான் கொண்டுவருவன்."

நிமிர்ந்தபடி, பெட்டியை இரு கைகளிலும் ஏந்திக்கொண்டு, அவள் கூட்டத்துக்குள் முன்னே நடந்தாள்.