நானூற்றுப் பதினேழாம் எண்ணின் ஷிப்டு

ஒரே ஒரு வரி கூடுதலாக இருந்தது. அந்தத் திரையை இன்றைக்கும் என்னால் அப்படியே வரைந்து காட்ட முடியும். இடப்பக்கம் பழைய கணினியில் இருக்கும் வரிகளின் எண்ணிக்கை, வலப்பக்கம் கிளவுடுக்குப் போய்ச் சேர்ந்த வரிகளின் எண்ணிக்கை, நடுவில் பச்சையாக இருக்க வேண்டிய கட்டம் சிவப்பாக. பெரிய கம்பெனிகளின் டேட்டாபேஸை அவர்களுடைய சொந்தக் கணினி அறையிலிருந்து எடுத்துக் கிளவுடில் குடிவைப்பதுதான் என் பிழைப்பு. வீடு மாற்றுவதைப் போலத்தான். சாமானை ஏற்றி இறக்கிய பிறகு எல்லாம் வந்து சேர்ந்ததா என்று எண்ணிப் பார்த்தாக வேண்டும். அன்று ஞாயிற்றுக்கிழமை. ஒத்திகைக்காக, அந்தப் பீங்கான் கம்பெனியின் ஐந்து யூனிட்டுகளிலும் காலையிலிருந்து யாரும் கணினியைத் தொடக் கூடாது, எதுவானாலும் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருந்தோம். ஒன்றரை மணிக்கு இரண்டு பக்கமும் சரியாக இருந்தன. சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் பழைய பக்கத்தில் ஒரு வரி ஏறியிருந்தது. எவனோ கைதவறித் தட்டியிருக்கிறான் என்று திட்டிவிட்டு அடுத்த வாரம் மறுபடியும் செய்தோம். அந்த ஞாயிறும் ஒரு வரி. அதற்கடுத்த ஞாயிறும் ஒரு வரி.

நான் சேத்தியாத்தோப்புக்காரி. "விருத்தாசலம் உனக்குப் பக்கம்தானே, நீயே போயிட்டு வா" என்று சென்னையிலிருந்த என் மேனேஜர் அனுப்பிவைத்திருந்தார். தினமும் அம்மா கட்டிக்கொடுக்கும் தயிர் சோற்றோடு பஸ் ஏறுவேன். கம்பெனியில் எனக்குத் துணை, கணினி அறையைப் பார்த்துக்கொண்ட ஒரு பெண்மணி. வாட்ச்மேன் முதல் முதலாளிவரை எல்லோருக்கும் அவர் கம்ப்யூட்டர் அக்காதான். இருபது வருடத்துப் பதிவுகள், எந்த டிராலி எந்தச் சூளைக்குள் போனது, எந்த மணியில் எவ்வளவு வெப்பம் என்பதெல்லாம் அவர் பொறுப்பில் இருந்தது. அந்த ஏசி அறைக்குள் கத்திரி வெயில் காலத்திலும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நெற்றியில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குக் குங்குமம். பழைய சர்வரைப் பற்றிப் பேசும்போது மரியாதை குறையாது. "ஐயா இன்னைக்கு கொஞ்சம் சூடா இருக்காங்க" என்பார். நான் சிரிப்பேன். சிரித்தால் கோபித்துக்கொள்ளவும் மாட்டார்.

மூன்றாம் ஞாயிறு நான் அந்த வரியைத் தேடிப் பிடித்தேன். சூளை வெப்பப் பதிவேட்டில் இருந்தது. சூளை எண் ஒன்று. வெப்பம் ஆயிரத்து நூற்று எழுபத்தெட்டு. நேரம் இரண்டு மணி ஆறு நிமிடம். பதிந்தவர் எண் நானூற்றுப் பதினேழு. அக்கா அப்போதுதான் டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தார். நானூற்றுப் பதினேழு யாருக்கா என்று கேட்டேன்.

"என் வூட்டுக்காரரு" என்றார். "இன்னைக்கு ஆறு நிமிஷம் லேட்டு."

"எங்க இருக்காருங்க? கூப்பிடுங்கக்கா, நறுக்குன்னு நாலு வார்த்தை கேக்கணும். மூணு வாரமா உசுர வாங்குறாரு."

அக்கா டிபன் பாக்ஸைத் துடைத்துப் பையில் வைத்தார். "எங்க இருக்காருன்னு தெரிஞ்சா நானே கேட்டுருக்க மாட்டனா பாப்பா?"

எனக்கு முகம் செத்துப்போயிற்று. அதன் பிறகு அவர் சொன்னதை இங்கே சுருக்கமாகச் சொல்கிறேன். அவருடைய கணவர் முதல் சூளையின் ஆபரேட்டர். பதினொரு வருடத்துக்கு முன் ஒருநாள் மதியம் இரண்டு மணி ஷிப்டுக்கு வந்து, டீ குடித்துவிட்டு, முதல் வெப்பத்தைப் பதிந்தார். பொழுது சாயும்போது போய்ப் பார்த்தவர்கள் சூளை எரிவதைப் பார்த்தார்கள், ஆணியில் சட்டை தொங்குவதைப் பார்த்தார்கள், ஷெட்டில் சைக்கிள் நிற்பதைப் பார்த்தார்கள். ஆளைக் காணோம். மணிமுத்தாற்றில் தேடினார்கள், ஜங்ஷன் தண்டவாளம் நெடுகத் தேடினார்கள், மங்கலம்பேட்டையிலிருந்து வெளிநாடு போகிறவர்கள் வழியாகக்கூட விசாரித்தார்கள். உயிரோடும் கிடைக்கவில்லை, உடலாகவும் கிடைக்கவில்லை.

சூளைக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. எரியும் சூளையை ஆள் இல்லாமல் விடக் கூடாது. அதனால் ஷிப்டு முடிந்தவர் தானாகக் கிளம்ப மாட்டார். மாற்ற வருகிறவர் சூளையின் பார்வைத் துளையில் கண் வைத்துப் பார்த்து, கணினியில் தன் எண்ணைப் போட்டு, "நான் பார்த்துக்குறேன், நீங்க போங்க" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் போவார். கணினி நிரலையும் அதே மாதிரிதான் எழுதியிருந்தார்கள். மாற்ற வந்தவரின் எண் ஏறாதவரை பழைய ஷிப்டு மூடாது. ஒருமுறை வேலை நேரத்திலேயே மாரடைப்பில் விழுந்த ஒருவரைத் தூக்குவதற்கு முன், அடுத்த ஷிப்டுக்காரர் பக்கத்தில் நின்று அந்த வார்த்தையைச் சொன்ன பிறகே தூக்கினார்களாம். ஆள் இல்லாத இடத்தைப் பார்த்து அதைச் சொன்னால் அவரைச் சாகடித்ததாக ஆகிவிடும் என்று பயந்து, அக்காவின் கணவர் விஷயத்தில் யாரும் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. கணினியில் வேறு பக்கத்தில் புதிதாக ஷிப்டு தொடங்கிக்கொண்டார்கள். அவருடைய ஷிப்டு பதினொரு வருடமாகத் திறந்தே கிடந்தது.

மகளுக்கு ஆவணியில் கல்யாணம் நிச்சயம் ஆகியிருந்தது. அதற்கு முன் கருமாதி செய்துவிட வேண்டும், இப்படி நடுவில் நிற்கும் குடும்பத்தில் சம்பந்தம் பண்ண மாப்பிள்ளை வீட்டில் தயங்குகிறார்கள் என்று கொழுந்தனார் நெருக்கிக்கொண்டிருந்தார். அக்கா மறுத்தார். மறுத்தால் கல்யாணமே நின்றுபோகும் என்று அவருக்குத் தெரியும். "ஷிப்டு முடியாத ஆளுக்கு எப்படி பாப்பா கருமாதி பண்றது? தெனம் வந்து பதிஞ்சிட்டு இருக்காரு, நீயே பார்த்த இல்ல" என்று என்னிடம் நியாயம் கேட்டார். நான் படித்தவள், கணினிக்காரி, என் வார்த்தைக்கு மதிப்பு இருக்கும் என்று நம்பினார்.

அந்த மதிப்பைக் காப்பாற்ற நிரலை வரிவரியாகப் படித்தேன். காரணம் கிடைத்தது. திறந்த ஷிப்டு இருந்தால், மதிய ஷிப்டின்போது சூளையின் வெப்பமானியிலிருந்து ஓர் அளவை எடுத்து அந்த ஆளின் எண்ணில் தானாகப் பதியும்படி எழுதியிருந்தார்கள். அவ்வளவுதான் விஷயம். எனக்கு மூச்சு வந்தது. அக்காவிடம் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு, "வா, சூளையைக் காட்டுறேன்" என்று என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

முதல் சூளையை அணைத்து ஏழு வருடம் ஆகியிருந்தது. டிராலித் தண்டவாளத்தில் புல் முளைத்துக் காய்ந்திருந்தது. கூரைச் சட்டங்களில் புறாக்கள் அடைந்து குமுறிக்கொண்டிருந்தன. வெப்பமானி இருந்த இடத்தில் ஒரு கம்பி மட்டும் சுவரிலிருந்து தொங்கியது, அதன் முனையில் எதுவுமே இல்லை. அறுந்த கம்பி காற்றில் இருக்கும் மின்சாரத்தை வாங்கி ஏதாவது ஓர் எண்ணைக் காட்டும் என்று மேனேஜர் பிறகு போனில் விளக்கினார். இருக்கலாம். ஆனால் மழை நாளில் அந்த எண் ஆறேழு டிகிரி இறங்கும், அவர் காலத்திலும் அந்தச் சூளை மழைக்கு அப்படித்தான் இறங்கும் என்று அக்கா சொன்னார். பழைய பதிவுகளோடு ஒப்பிட்டுப் பார்க்க எனக்குப் பத்து நிமிடம் போதும். நான் பார்க்கவில்லை. சூளைக்குள் கையை நீட்டி உள்சுவரைத் தொட்டேன். வெதுவெதுப்பாக இருந்தது. விருத்தாசலத்து வெயிலுக்கு எந்தச் செங்கல்தான் குளிர்ந்து கிடக்கும் என்று சொல்லிக்கொண்டு கையை எடுத்துக்கொண்டேன்.

சிக்கல் வேறு இடத்தில் வந்தது. புதிய இடத்தில் முடிவு நேரம் இல்லாத பழைய ஷிப்டை ஏற்றுக்கொள்ள மாட்டோம் என்பது எங்கள் விதி. அக்கா கையெழுத்துப் போட்டால் மூடிவிடலாம். அவர் போடவில்லை. கெஞ்சவும் இல்லை, சண்டை போடவும் இல்லை. "அவரை அப்படியே கூட்டிட்டுப் போ பாப்பா" என்று மட்டும் சொன்னார். சென்னையிலிருந்து மணிக்கொரு போன். கடைசி ஞாயிறு, நான் ஒரு காரியம் செய்தேன். அக்காவிடம் கேட்காமல் அந்த ஷிப்டை மூடினேன். மாற்ற வந்தவர் எண் என்ற கட்டத்தைக் காலியாக விட முடியவில்லை. எனக்குக் கம்பெனி கொடுத்திருந்த தற்காலிக எண்ணைப் போட்டேன். தினமும் இரண்டு மணிக்கு நானூற்றுப் பதினேழின் பெயரில் ஒரு வரி விழும்படி கிளவுடில் ஓர் ஏற்பாடும் செய்து வைத்தேன். "அப்படியே போயிடுச்சுக்கா" என்று பொய் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கையை உதறிவிட்டு ஓடிவிடலாமா என்று இருந்தது. மாலையில் பழைய சர்வரை அணைத்தோம். அக்கா ஸ்வெட்டரைக் கழற்றி மடித்துக்கொண்டு வெளியே போனார்.

புதன்கிழமை போன் வந்தது.

"பாப்பா, மூணு நாளா டாண்ணு ரெண்டு மணிக்கு வருது. அவரு ஒரு நாளும் டாண்ணு ரெண்டு மணிக்குப் பதிஞ்சவரு இல்ல, டீ குடிச்சிட்டுத்தான் பதிவாரு. இது அவரு இல்ல, நீ."

போனோடு எழுந்து வெளியே நடந்தேன்.

"யாரு மாத்துனதுன்னு பார்த்தேன். உன் நம்பரு இருக்குது. போங்கன்னு சொன்னியா? இல்ல சொல்லாமலே அனுப்பிட்டியா?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். சொல்லவில்லை அக்கா என்று அழுதேன். "அப்ப வந்து சொல்லிட்டுப் போ. சொல்லாம அனுப்பினா அவரு எங்கன்னு போவாரு?" என்றார். மறுநாள் பகலிலேயே போனேன். அணைந்த சூளையின் பார்வைத் துளையில் கண்ணை வைத்தேன். இருட்டைத் தவிர எதுவும் தெரியவில்லை. எப்படியோ, "நான் பார்த்துக்குறேன், நீங்க போங்க" என்று சொல்லிவிட்டேன். பின்னால் நின்ற அக்கா மெல்லத் தன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். வியர்வை என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தபோது குங்குமம் இல்லை.

பத்து நாளில் கருமாதி முடிந்தது. கல்யாணப் பத்திரிகையில் அப்பாவின் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று இருந்தது. என் ஏற்பாட்டையும் நீக்கிவிட்டேன். எல்லாம் ஒருவழியாக முடிந்தது என்று சென்னையில் வேறு வேலையில் இறங்கிய ஒரு வியாழக்கிழமை, வழக்கமான சரிபார்ப்புக்காக அந்தப் பதிவேட்டைத் திறந்தேன். சூளை எண் ஒன்று. இரண்டு மணி நான்கு நிமிடம். ஆயிரத்து நூற்று எண்பத்தொன்று. பதிந்தவர் எண், என்னுடையது. ஒரு ஷிப்டை மூடினால் மாற்ற வந்தவர் பெயரில் அடுத்த ஷிப்டு திறக்கும்; அதுவும் நிரலில் உள்ளதுதான், நான் கவனிக்காமல் விட்டது. ஆனால் பழைய சர்வர் அணைந்துவிட்டது. அறுந்த கம்பிகூட இப்போது எதனோடும் சேர்ந்திருக்கவில்லை. அந்த வெப்பம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

அக்காவைக் கூப்பிட்டேன். "தெரியும். நானும் பார்த்துட்டுத்தான் இருக்குறேன்" என்றார். பயமாக இருக்கிறது என்றேன். "பயப்படாத. பொண்ணை அனுப்பிட்டு நான் வந்து மாத்திக்கிறேன்."

கல்யாணத்துக்குப் போயிருந்தேன். தாரை வார்க்கும் நேரத்தில் அக்கா பின்வரிசையில், தூண் ஓரமாக நின்றார். மறுவீடு முடிந்த திங்கட்கிழமை மதியம் போன் அடித்தது. அவர் குரலுக்குப் பின்னால் புறாக்களின் சத்தம் கேட்டது. எங்கே நிற்கிறார் என்று புரிந்தது.

"நான் பார்த்துக்குறேன் பாப்பா, நீ போ."

திரையில் என் ஷிப்டு மூடியிருந்தது. அலுவலகம் என்றும் பார்க்காமல் அழுதேன், அவ்வளவு நிம்மதி. பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பும்போதுதான், இப்போது யார் பெயரில் திறந்திருக்கிறது என்பது உறைத்தது.

அது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. அக்கா வரும் பங்குனியோடு ஓய்வு பெறுகிறார். அவர் இடத்துக்கு வரப்போகிற இளைஞர் கெட்டிக்காரர் போல. போன வாரம் எனக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார். முதல் சூளையில் ஒரு ஷிப்டு வெகுநாளாகத் திறந்தே கிடக்கிறது, மூடிவிடலாமா, மாற்ற வந்தவர் எண் என்று யாருடையதைப் போடட்டும் என்று கேட்டிருக்கிறார். இன்னும் பதில் எழுதவில்லை.