பத்தொன்பதாவது பெயர்

மாலை ஐந்து மணிக்கு இணையதளம் மூடிவிடும். மணி மூன்றே கால். பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதுவோர் பட்டியலில் பதினெட்டுப் பெயர்களைச் சரிபார்த்த வெங்கடேஸ்வரி பத்தொன்பதாவதான கடைசிப் பெயரில் நின்றாள். மு. முனீஸ்வரி. அரையாண்டில் கணக்குக்குப் பதினொரு மதிப்பெண்.

வத்திராயிருப்புக்குத் தெற்கே, தென்னந்தோப்புகளுக்கு நடுவில் இருக்கிற அரசு உயர்நிலைப்பள்ளி. மொத்தமே நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளைக் காலை ஏழரைக்கே தனியார் பள்ளி வேன்கள் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் அள்ளிப் போய்விடும். மிச்சம் இருப்பது கூலிக்குப் போகிறவர்களின் பிள்ளைகள், அதிலும் பெண்களே அதிகம். நானூறு பேர் எழுதும் பள்ளியில் தேர்ச்சி ஐந்து விழுக்காடு குறைய இருபது பேர் தவற வேண்டும். இங்கே ஒருத்தி போதும்.

வெங்கடேஸ்வரிக்கு நாற்பத்தாறு வயது. கணவர் ராணுவத்தில். இருபத்தொரு வருடமாகக் கணக்கு டீச்சர். பள்ளியில் எழுத்தர் இல்லாததால் கம்ப்யூட்டர் வேலையும் அவள் தலையில். பாஸ்வேர்டும் அவளுக்கு மட்டுந்தான் தெரியும்.

"முடிஞ்சிதா டீச்சர்?" தலைமையாசிரியர் குருசாமி பின்னால் வந்து நின்றார். "அந்தப் பிள்ளைய நீக்கிருங்க. காரணம், பெற்றோரோட வெளியூர் போயிட்டாங்கன்னு போடுங்க."

"வெளியூர் போகலையே சார்."

"போன வருசம் அழகுத்தாய் மட்டும் போனாளா?"

போன வருடம் அதே நாற்காலியில் உட்கார்ந்து அதே காரணத்தைப் போட்டவள் வெங்கடேஸ்வரிதான். பதிவின்படி அழகுத்தாய் கேரளாவில் இருக்கிறாள். ஆனால் தன் வீடு இருக்கிற மடவார் வளாகத்திலிருந்து பஸ் ஏறி வந்து வெங்கடேஸ்வரி பள்ளி நிறுத்தத்தில் இறங்கும்போதெல்லாம், அழகுத்தாய் மில் வேனுக்காக அங்கே நிற்பாள். "வணக்கம் டீச்சர்" என்பாள். சிரிப்பாள். நான்கு மாதமாக வெங்கடேஸ்வரி ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கிவிடுகிறாள். நடந்தால் சர்க்கரைக்கு நல்லது என்று வீட்டில் சொல்லியிருந்தாள்.

கையெழுத்து வாங்க முனீஸ்வரியின் அம்மாவைக் குருசாமி கூப்பிட்டு விட்டிருந்தார். வெள்ளத்தாய் களையெடுப்பிலிருந்து நேரே வந்தாள். கணுக்காலில் சேறு காய்ந்திருந்தது. மகள் கைப்பிள்ளைத் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

"இந்தா பாரும்மா, இந்த வருசம் எழுதுனா பெயிலாயிருவா. அடுத்த வருசம் தனியா எழுதட்டும். இதுல ஒரு கையெழுத்துப் போடு."

"அடுத்த வருசம் யாரு சார் சொல்லிக் குடுப்பா?"

"அதெல்லாம் பொறவு பாத்துக்கிடலாம்."

"நடவுக்கும் களைக்கும் பிள்ளையப் பாக்க நாந்தான் சார் நிறுத்திட்டேன். பள்ளிக்கூடம் போணும்னு அழுதுக்கிட்டே கெடந்தா." வெள்ளத்தாய் பேனாவைத் தொடவில்லை. "எழுதிப் பெயிலானா எம் மக பெயிலுன்னு சொல்லிக்கிடுவேன். எழுதவே விடலைன்னா என்னன்னு சொல்ல?"

"நீயெல்லாம் வக்கீலுக்குப் படிச்சிருக்கணும்."

"படிக்க வச்சிருந்தா படிச்சிருப்பேன் சார்."

வாசலில் முனீஸ்வரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏட்டி!" என்று அதட்டிவிட்டு, மகளோடு வெள்ளத்தாய் போய்விட்டாள். தாள் மேசையிலேயே கிடந்தது.

மணி நாலே முக்கால்.

"கையெழுத்து இல்லாட்டியும் பரவால்ல, நீக்குங்க," என்றார் குருசாமி. "அஞ்சு வருசமா நூறு பெர்சன்ட் பாஸ். மே மாசம் ரிட்டையர் ஆவுறேன், நூறோட போறேனே. பெயிலானா மீட்டிங்ல எந்திரிச்சு நிக்கப்போறது நானில்ல. நீங்கதான்."

அது வெறும் மிரட்டல் இல்லை. நூறு எடுக்காத பள்ளியின் பாட ஆசிரியரை ஆய்வுக் கூட்டத்தில் நிற்க வைப்பது வழக்கம். உட்காரச் சொல்லும்வரை நிற்க வேண்டும். சிலரை மறந்தே போய்விடுவார்கள்.

அவள் பட்டியலை அனுப்பும் பொத்தானை அழுத்தினாள். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. நாலு ஐம்பத்தாறுக்கு நின்றது.

"எத்தனை?"

"பத்தொம்பது சார்."

ஓய்வு பெறும் நாள்வரை தேவைக்கு மேல் ஒரு வார்த்தை குருசாமி அவளிடம் பேசவில்லை.

மறுநாள் வெங்கடேஸ்வரி பள்ளி நிறுத்தத்திலேயே இறங்கினாள். "வணக்கம் டீச்சர்."

"ஒனக்கு லீவு என்னைக்கு?"

"ஞாயித்துக்கெழம."

"புஸ்தகம் இருக்கா?"

அழகுத்தாய் சிரித்துக்கொண்டே வேனில் ஏறிவிட்டாள்.

அதற்குப் பிறகு வெள்ளத்தாய் கைப்பிள்ளையைக் களையெடுக்கும் காட்டுக்கே தூக்கிப் போய் மரத்தில் தொட்டில் கட்டினாள். முனீஸ்வரி ஒருநாள்கூடப் பள்ளிக்கு வராமல் இருக்கவில்லை. பள்ளி விட்டதும் கடைசி பஸ் வரும்வரை அவளும் வெங்கடேஸ்வரியும் கணக்கோடு கிடந்தார்கள்.

மே மாதம் முடிவு வந்தது. மற்ற எல்லாப் பாடத்திலும் முனீஸ்வரி தேறியிருந்தாள். கணக்கில் முப்பத்தொன்று. நான்கு குறைவு.

ஜூலையில் ஸ்ரீவில்லிபுத்தூரில் கூட்டம். நூறு எடுக்காதவர்களை எழச் சொன்னார்கள். வெங்கடேஸ்வரி எழுந்தாள்.

"ஒரே ஒரு பிள்ளை. சமாளிக்கத் தெரியலையா உங்களுக்கு?" அதிகாரி கேட்டார்.

"பத்தொம்பது பேரு படிச்சாங்க. பத்தொம்பது பேரும் எழுதுனாங்க சார்."

முன்வரிசையில் யாரோ குனிந்து கைப்பையைத் துழாவினார்கள். அதிகாரி பட்டியலில் அடுத்த பள்ளிக்குப் போய்விட்டார். உட்காரச் சொல்லவில்லை.

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து நாற்பது. முனீஸ்வரிக்குத் துணைத் தேர்வில் இன்று கணக்கு. வரைபடத்தை முதலில் போட்டுவிடு, அதில் எட்டு மதிப்பெண் கையில் இருக்கும் என்று சொல்லி அனுப்பியிருந்தாள். இந்நேரம் முனீஸ்வரி அச்சுகளை வரைந்திருப்பாள். புள்ளிகளைக் குறிக்கத் தொடங்கியிருப்பாள்.

வெங்கடேஸ்வரி கால் மாற்றி நின்றாள்.